கொரியக் காதல் தொடர்களின் படப்பிடிப்பு இடங்களுக்கு முதல் பயணம்: விசா முதல் தூண்டில் வளைவு வரை

புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ்க் குரலில் வந்த கொரியத் தொடர்களில் தொடங்கிய என் பித்து, பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரு விசா விண்ணப்பத்தில் வந்து நின்றது. முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டாம் முறை விசா கிடைத்து, கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகளை அழைத்துக்கொண்டு ஒன்பது நாள் தென் கொரியாவில் சுற்றிவிட்டு வந்தேன். அங்கும் வழி தவறியது, பேருந்தைத் தவறவிட்டது, அடைத்திருந்த வாசலில் நின்றது என்று பல பிழைகள் செய்தோம். தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாகக் கிளம்பும் ரசிகர் ஒருவர் இவற்றையெல்லாம் மீண்டும் பட்டுத் தெளிய வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன். கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், பணம் கட்டும் முன் அந்தந்த அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் தொடரைத் தேர்ந்தெடுங்கள். ஊர் அதன் பின்னால் வரும்

பார்த்துக் கண்கலங்கிய தொடர்களையெல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் என்று குறித்துக்கொண்டு போவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. என் முதல் பட்டியலில் பதினேழு இடங்கள் இருந்தன. அவற்றை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, நாட்டின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு நாள் கழியும் என்பதும், பாதிப் பொழுது ரயிலிலேயே போய்விடும் என்பதும் தெரிந்தன.

ஒன்பது நாளுக்கு மூன்று அல்லது நான்கு தொடர்கள் போதும். சியோலைத் தங்குமிடமாகக் கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடியவை என்றால், ‘லவ்லி ரன்னர்’ படமாக்கப்பட்ட சுவோன், ‘வின்டர் சொனாட்டா’வின் நாமி தீவு, ‘காப்ளின்’ தொடரின் காங்னுங் கடற்கரை ஆகிய மூன்றும் வசதியானவை. ‘ஹோம்டவுன் சா-சா-சா’ எடுக்கப்பட்ட போஹாங் தென்கிழக்கில் இருக்கிறது. அதற்கு ஓர் இரவு தங்கல் தேவை. ‘க்ராஷ் லேண்டிங் ஆன் யூ’வில் ஹியுன் பின் பியானோ வாசிக்கும் படகுத்துறை கொரியாவில் எங்கோ இருக்கிறது என்று என் தோழி ஒருத்தி நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தாள். அது சுவிட்சர்லாந்தின் இசல்ட்வால்ட் என்னும் சிற்றூர். கூட்டம் தாங்காமல் அந்தத் துறையில் ஏறவே 5 ஃபிராங்க் வசூலிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு வேறு விசா, வேறு பணப்பை.

தொடர்களை முடிவு செய்ததும், குறிப்பிட்ட காட்சி வரும் பகுதிகளை மட்டும் மறுபடி பார்த்து, நேரத்தையும் பின்னணியில் தெரியும் அடையாளங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். திரைப்பிடிப்புப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருந்தால், கொரிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாமல் வழிப்போக்கரிடம் காட்டி வழி கேட்கலாம். இது எங்களுக்குக் குறைந்தது ஆறு முறை உதவியது.

2. எப்போது போவது

ஏப்ரல் முதல் வாரத்தையொட்டிச் சியோலில் செர்ரிப் பூ. அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை இலைகள் நிறம் மாறும் காலம். தொடர்களில் நாம் பார்த்து மயங்கும் நிறங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு பருவங்களுக்கும் உரியவை. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை மழைக்காலம் என்பதால் அப்போது போகாதிருப்பது நல்லது. டிசம்பர் தொடங்கிவிட்டால் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகும். பனியில் நடக்கும் காட்சிக்கு ஆசைப்படுவோர் நல்ல மேலங்கிக்கும் காலணிக்கும் தனியாகப் பணம் ஒதுக்கியாக வேண்டும்.

ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும் சொல்லால் என்னும் புத்தாண்டும், செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும் சுசொக் பண்டிகையும் எந்தத் தேதியில் விழுகின்றன என்று பார்த்துவிட்டே பயணச்சீட்டு வாங்குங்கள். நம் ஊரில் தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் என்ன நடக்குமோ அதுதான் அங்கே ரயில் நிலையங்களில் நடக்கும். சிறு கடைகள் பலவும் அடைத்திருக்கும்.

நாங்கள் அக்டோபர் 27 முதல் நவம்பர் 4 வரை போனோம். அந்தத் தேதிக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அது கடைசிப் பகுதியில் வருகிறது.

3. விசா: இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறோம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வெளிநாட்டு ரசிகர்களின் காணொளிகளில் ‘கே-ஈடிஏ எடுத்தால் போதும்’ என்று சொல்வார்கள். அது விசா விலக்கு பெற்ற நாட்டவருக்கான முன்னனுமதி. இந்தியக் கடவுச்சீட்டுக்குப் பொருந்தாது. நமக்குச் சுற்றுலா விசா வேண்டும். ‘ஜெஜூ தீவுக்கு விசா வேண்டாமாமே’ என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். அந்த விலக்கு வெளிநாட்டிலிருந்து நேரே ஜெஜூவில் இறங்கி, அந்தத் தீவை விட்டு வெளியேறாமல் திரும்புவோருக்கு மட்டுமே என்பதால், சியோலையும் காங்னுங்கையும் பார்க்க நினைக்கும் நமக்கு அதனால் பயனில்லை.

சென்னையில் தென் கொரியத் துணைத் தூதரகம் இருப்பதால் தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் டெல்லி வரை போக வேண்டியதில்லை. எங்கே, எந்த மையத்தில் விண்ணப்பத்தை ஒப்படைக்க வேண்டும் என்பதைத் தூதரகத்தின் இணையதளத்தில் பார்த்து, முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

நான் கொடுத்த ஆவணங்கள் இவை: விண்ணப்பப் படிவம்; குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் அதன் நகலும்; வெள்ளைப் பின்னணியில் 3.5 × 4.5 செ.மீ. நிழற்படம், பயண நோக்கத்தை விளக்கும் கடிதம், நாள்வாரியான பயணத் திட்டம், விமான, விடுதி முன்பதிவுகள், வங்கியின் முத்திரையும் கையொப்பமும் உள்ள ஆறு மாதக் கணக்கு அறிக்கை, மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை பார்க்கும் நிறுவனத்திலிருந்து பணிச் சான்றும் விடுப்பு அனுமதிக் கடிதமும். அக்கா மகள் மாணவி என்பதால், கல்லூரியில் படிக்கிறாள் என்ற சான்றிதழும், செலவை ஏற்பதாக அவள் அப்பா எழுதிய கடிதமும், அவருடைய வங்கி, வரி ஆவணங்களும், இருவரும் தந்தையும் மகளும்தான் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழும் சேர்ந்தன. பிறப்புச் சான்றிதழில் ‘முருகேசன்’ என்றும் கடவுச்சீட்டில் முன்னெழுத்தை விரித்து வேறுவிதமாகவும் அப்பா பெயர் இருந்தது. இப்படி முன்னெழுத்தால் வரும் குழப்பம் தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் உண்டு. இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து இணைத்துவிட்டோம். மறு கேள்வி வரவில்லை.

முதல் முறை ஏன் நிராகரிக்கப்பட்டது என்று எனக்கு விளக்கம் எதுவும் தரப்படவில்லை. ஆனால் திரும்ப வந்த தாள்களை இரவு உட்கார்ந்து படித்தபோது, நான் அதிகாரியாக இருந்தாலும் நிராகரித்திருப்பேன் என்று தோன்றியது. விண்ணப்பத்தை ஒரு பயண முகவரிடம் கொடுத்திருந்தேன். அவர் எல்லாருக்கும் தரும் அச்சுத் திட்டத்தை எனக்கும் இணைத்திருந்தார். அதில் பூசான் நகரில் மூன்று நாள் என்றிருக்க, என் விடுதி முன்பதிவோ ஒன்பது இரவும் சியோலில் இருந்தது. போதாக்குறைக்கு, கணக்கில் இருப்பு நிறையத் தெரியட்டும் என்று விண்ணப்பத்துக்கு ஆறு நாள் முன்னால் சித்தப்பாவிடமிருந்து இரண்டு லட்சம் வாங்கிப் போட்டிருந்தேன். ஆறு மாதமும் முப்பதாயிரத்தைத் தாண்டாத கணக்கில் திடீரென்று முளைத்த இரண்டு லட்சம் எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டிய கட்டணமும் திரும்பாது.

ஆகவே இரண்டாம் முறை மூன்று காரியங்கள் செய்தேன். முதலாவது, நான்கு மாதம் காத்திருந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்த தொகை மாதாமாதம் கணக்கில் ஏறுவது தெரியும்படி விட்டேன். இரண்டாவது, பயணத் திட்டத்தை நானே எழுதினேன்: எந்த நாள், எந்த ஊர், எந்த ரயில், எந்த விடுதி, எவ்வளவு செலவு. விடுதிச் சீட்டு, விமானச் சீட்டு, விடுப்புக் கடிதம் மூன்றிலும் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று விரல் வைத்துச் சரிபார்த்தேன். மூன்றாவது, பயண நோக்கத்தில் ‘சுற்றுலா’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எந்தத் தொடர்களைப் பார்த்தேன், எந்த இடங்களைக் காண விரும்புகிறேன், எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதினேன். ரசிகை என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். அது உண்மையான காரணம். உண்மையான காரணம் எழுத்தில் தெளிவாக வரும்.

90 நாளுக்கு உட்பட்ட ஒருமுறை நுழைவு விசாவுக்குக் கட்டணம் 40 அமெரிக்க டாலர்; அதை ரூபாயில் செலுத்த வேண்டும், சேவைக் கட்டணம் தனி. எங்களுக்குப் பன்னிரண்டு வேலை நாள் ஆனது. கோடை விடுமுறைக் காலத்தில் இன்னும் நீளும். ஒருமுறை நுழைவு விசா, வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் என்பதால், ‘முன்கூட்டியே வாங்கி வைத்துவிடலாம்’ என்று ஐந்து மாதத்துக்கு முன்பே விண்ணப்பிப்பதும் தவறு. பயணத்துக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பு என்பது சரியான காலம். அதுவரை விமானச் சீட்டுக்கு முழுப் பணம் கட்டிவிடாமல், ரத்துசெய்யக்கூடிய முன்பதிவாக வைத்திருங்கள்.

விசா கிடைத்ததும் அதற்கான அறிவிப்புத் தாளை இரண்டு படி அச்சிட்டு, ஒன்றைக் கைப்பையிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் வையுங்கள். கொரியாவில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்-வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம்; அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் போலித் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

4. செலவுக் கணக்கு

கொரிய நாணயமான வோனில் ஆயிரம் என்பது ஏறத்தாழ அறுபது ரூபாய்க்குச் சற்று மேல் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் நின்று தடுமாற வேண்டியதில்லை.

எனக்கு ஆன செலவு, ஒரு நபருக்கு: கோலாலம்பூர் வழியாகப் போய் வர விமானச் சீட்டு 46,000 ரூபாய், விசாவும் அது சார்ந்த கட்டணங்களும் 4,500, பயணக் காப்பீடு 1,200, எட்டு இரவுக்கு இருவர் பகிர்ந்த அறையில் என் பங்கு 17,000, சாப்பாடு 16,500, காங்னுங்குக்கும் போஹாங்குக்கும் விரைவு ரயில் 10,000, நகருக்குள் போக்குவரத்து 3,700, நுழைவுச் சீட்டுகளும் ஹான்போக் என்னும் கொரியப் பாரம்பரிய ஆடையின் வாடகையும் 6,200, கைப்பேசி இணைய இணைப்பு 1,800. கூட்டினால் 1,06,900 ரூபாய். ஒலித்தட்டு, நிழற்பட அட்டை, முகப்பூச்சு என்று நாங்கள் வாங்கிக் குவித்ததை இதில் சேர்க்கவில்லை. அக்கா இதைப் படிப்பாள்.

பயணம் முழுவதற்கும் ஆகும் செலவைப் போல ஒன்றரை மடங்காவது வங்கியில் நிலையாக இருக்கட்டும் என்பது என் யோசனை. ‘இத்தனை லட்சம் இருந்தால் விசா உறுதி’ என்று எண்ணிக்கை சொல்லும் முகவரை நம்பாதீர்கள்.

5. இறங்கியதும் முதல் இரண்டு மணி நேரம்

இன்ச்சியோன் விமான நிலையத்திலிருந்து நகருக்குப் போக விரைவு ரயில், எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயில் என்று இரண்டு உண்டு. பதினைந்து இருபது நிமிட வித்தியாசத்துக்காக இரண்டு மடங்குக்கும் மேல் கொடுக்க வேண்டியதில்லை. சாதாரண ரயிலே சியோலின் ஹொங்தே போன்ற இடங்களில் நின்றும் போகும் என்பதால், அங்கே தங்குவோருக்கு அதுதான் வசதியும்கூட. ஒரு டி-மணி அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் மெட்ரோ, பேருந்து இரண்டுக்கும் அதுவே போதும். ஏற்றுவதற்கு வோன் நோட்டுகள் தேவை என்பதால், விமான நிலையத்திலேயே கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். சியோல் மெட்ரோவின் அடிப்படைக் கட்டணம் 1,550 வோன்.

கூகுள் வரைபடத்தை நம்பி இறங்கினால் முதல் நாளே வழி தவறும். அது கொரியாவில் நடைவழியைச் சரியாகக் காட்டுவதில்லை. நேவர் மேப் அல்லது காக்காவோ மேப் செயலியை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இறக்கி, போக வேண்டிய இடங்களின் கொரிய எழுத்துப் பெயர்களை அதில் சேமித்து வையுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒரே ஊருக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருந்து தொல்லை தரும்.

சைவம் சாப்பிடுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் காய்தானே என்று நினைக்கும் கிம்ச்சியில் பெரும்பாலும் இறாலோ மீன்சாறோ சேர்ந்திருக்கும். பிபிம்பாப் என்னும் காய்கறி கலந்த சோற்றை இறைச்சி நீக்கிக் கேட்டு வாங்கலாம். நாங்கள் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோய், கடைகளில் சுடச்சுட அடைத்து விற்கும் வெறுஞ்சோற்றோடு பல இரவுகளைச் சமாளித்தோம்.

6. சியோலைச் சுற்றி மூன்று நாள்

கியோங்போக்குங் அரண்மனைக்குக் கட்டணம் 3,000 வோன். ஹான்போக் உடுத்தி வருவோருக்கு இலவசம். சரித்திரக் காதல் தொடர்களில் பாவாடை நிலத்தில் படாமல் நாயகி ஓடிவருவதை எத்தனையோ முறை பார்த்திருந்தும், அந்த ஆடையை நாமே உடுத்திப் படியேறும்போதுதான் அந்த நடிகைகளின் உழைப்பு விளங்குகிறது. செவ்வாய்க்கிழமை அரண்மனை அடைப்பு. நாங்கள் செவ்வாயன்று போய், வாடகைக்கு எடுத்த ஆடையோடு மூடிய வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அருகிலுள்ள புக்சோன் பழமைக் குடியிருப்பில் முக்கியமான தெருவுக்குள் பார்வையாளர்கள் காலை 10 முதல் மாலை 5 வரைதான் நுழையலாம். மீறினால் 1 லட்சம் வோன் அபராதம். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மறந்து விடியற்காலையில் படம் எடுக்கப் போகாதீர்கள்.

சுவோன் சியோலிலிருந்து மெட்ரோவின் முதலாம் தடத்திலேயே ஒரு மணி நேரம். ‘லவ்லி ரன்னர்’ 2024 ஏப்ரல், மே மாதங்களில் பதினாறு பகுதிகளாக வந்தது; அதில் பியோன் வூ-சொக், கிம் ஹே-யூன் இருவரும் எதிரெதிர் வீட்டில் குடியிருப்பவர்களாக வரும் தெரு, சுவோன் கோட்டைக்குள் இருக்கும் ஹேங்குங்-தோங் பகுதியில் உள்ளது. நாயகியின் வீடாகக் காட்டப்பட்டது உண்மையில் ஒரு காபிக்கடை. வாரநாளில் கடை திறந்ததும் போய்விட்டால் நீல நிறக் கதவின் முன் தனியாக நிற்கலாம். ஒரு பானமாவது வாங்கிவிட்டுப் படம் எடுப்பதுதான் முறை. அந்தக் கதவுக்கும் எதிர்வீட்டுக்கும் இடையில் உள்ள தெரு நாலு எட்டு அகலம்தான். மஞ்சள் குடை மழைக்காட்சியில் நாயகன் கண்ணிலேயே காதலைக் காட்டிக்கொண்டு நின்றதை நினைத்து, அக்கா மகள் அந்த நாலு எட்டையும் மூன்று முறை நடந்தாள். நான் படம் பிடித்தேன்.

நாமி தீவுக்குக் காப்யோங் நிலையம் வரை ரயில். சியோலின் யோங்சான் அல்லது சொங்ன்யாங்னி நிலையத்திலிருந்து ஏறலாம். நிலையத்திலிருந்து படகுத்துறைக்குப் பேருந்தோ டாக்சியோ உண்டு. நுழைவுச் சீட்டிலேயே படகுக் கட்டணமும் அடங்கும். அந்தத் தீவு தன்னை ஒரு குட்டிக் குடியரசு என்று வேடிக்கையாக அறிவித்துக்கொண்டு, நுழைவுச் சீட்டை விசா என்று அழைக்கிறது. வங்கி அறிக்கை கேட்காமல் எனக்குக் கிடைத்த ஒரே விசா அதுதான். 2002இல் வந்த ‘வின்டர் சொனாட்டா’வில் பே யோங்-ஜூனும் சோய் ஜி-வூவும் நடந்த மெட்டாசெக்கோயா மரப்பாதைக்கு எட்டு மணி வாக்கில் புறப்படும் முதற்படகுகளில் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கத் தொடங்கினால், மரத்தைவிடத் தலைதான் அதிகம் தெரியும். கூட்டம் மிகும் பருவத்தில் மாலை ரயிலில் உட்கார இடம் கிடைப்பது அரிது என்பதால் திரும்பும் சீட்டையும் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

7. கிழக்குக் கடற்கரை: காங்னுங், போஹாங்

இந்தப் பயணத்தில் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் நான் காங்னுங்கைத் தேர்ந்தெடுப்பேன். கேடிஎக்ஸ் விரைவு ரயிலில் சியோலிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம், ஒருவழிக் கட்டணம் 27,600 வோன். முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறந்துவிடும். சனி, ஞாயிறு சீட்டுகள் சீக்கிரம் தீரும்.

2016 டிசம்பரில் தொடங்கிய ‘காப்ளின்’ தொடரில், கிம் கோ-உன் தன் பிறந்த நாள் மெழுகுவத்தியை ஊதி அணைக்க, தொள்ளாயிரம் ஆண்டாகச் சாக முடியாமல் திரியும் கோங் யூ கையில் கோதுமைப்பூக் கொத்தோடு வந்து நிற்பாரே, அந்த இடம் சுமுன்ஜினுக்குப் பக்கத்தில் யோங்ஜின் கடற்கரையில் இருக்கிறது. தமிழில் கோதுமைப்பூ என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, உண்மையில் அது பக்வீட் என்னும் வேறு பயிரின் வெள்ளைப்பூ. இடம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. மண்ணரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய ஒரு கல்வரிசை, நம் கடலோர ஊர்களில் தூண்டில் வளைவு என்பார்களே, அதேதான். வரிசையாக இப்படிப் பல இருப்பதால் எது சரியானது என்று தேட வேண்டாம். ஆட்கள் வரிசையில் நிற்பதுதான் அது. சிவப்புக் கழுத்துத்துணியையும் பூங்கொத்தையும் அங்கேயே வாடகைக்குத் தருகிறார்கள்.

வரிசையில் நாற்பது நிமிடம் நின்றோம். எங்கள் முறை வந்து முனைக்குப் போனபோது, இரண்டு பக்கமும் அலை அடித்துச் சாரல் முகத்தில் விழ, காற்றில் பேசுவது ஒருவருக்கொருவர் கேட்கவில்லை. திரையில் உலகமே அடங்கிப்போனது போல் தெரிந்த இடம் அது. அந்த இரைச்சலிலும் குளிரிலும் ஒருவர் மற்றவரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பதாக நம்மை நம்பவைத்த அந்த இருவர் மீதும் எனக்கு அங்கேதான் மதிப்பு கூடியது. அலை அதிகமாக இருக்கும் நாளில் கல் வழுக்கும். ரப்பர் அடிக் காலணி அவசியம். காங்னுங் நிலையத்திலிருந்து நகரப் பேருந்தில் முக்கால் மணி நேரம் ஆகும், இடைவெளியும் நீளம். நாங்கள் ஒரு பேருந்தை நூறடி தூரத்தில் தவறவிட்டு, அடுத்ததற்குக் காத்திருந்ததில் ரயிலையே தவறவிடப் பார்த்தோம். திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கிய உடனே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு பேராகப் போனால் டாக்சியே மேல்.

போஹாங்குக்கு கேடிஎக்ஸ் ரயிலில் இரண்டரை மணி நேரம், ஐம்பதாயிரம் வோனுக்குச் சற்று மேல். ஒரு பொறி இங்கே இருக்கிறது. ‘ஹோம்டவுன் சா-சா-சா’வில் கோங்ஜின் என்னும் ஊரின் சந்தையாக வரும் சோங்ஹா, போஹாங் நகரின் வடக்கே இருக்கிறது, ‘வென் தி கமேலியா ப்ளூம்ஸ்’ எடுக்கப்பட்ட குரியோங்போ தென்கிழக்கே, கடல் முனைப் பக்கம். இரண்டும் போஹாங்தானே என்று ஒரே மதியத்தில் முடிக்கப் பார்த்தால் இரண்டும் கெடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அரைநாள் ஒதுக்குங்கள்.

சோங்ஹா சந்தையில் தொடருக்காக வைத்த பெயர்ப்பலகைகள் பலவற்றை அப்படியே விட்டிருக்கிறார்கள்: போரா சூப்பர் மார்க்கெட், கோங்ஜின் உணவகம், நடுவில் கணவாய்ச் சிலை. சந்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும். அந்த நாளில் போனால் தொடரில் வரும் பாட்டிகளைப் போலவே கீரையும் கருவாடும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். நாயகன் கிம் சொன்-ஹோ ஏறி உட்கார்ந்து கடலைப் பார்க்கும், மலைமேல் நிற்கும் படகு சாபாங் நினைவுப் பூங்காவில் இருக்கிறது, ஏற்றம் சிறிதுதான்.

ஆனால் ஷின் மின்-ஆவின் வீடாகவும் கிம் சொன்-ஹோவின் வீடாகவும் கம்ரி பாட்டியின் வீடாகவும் காட்டப்பட்டவை தனியார் வீடுகள். 2021இல் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே ரசிகர்கள் வாசற்கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததால் குடியிருப்போர் அல்லற்பட்டு, தயாரிப்புக் குழுவே அங்கே போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. இணையத்தில் அவற்றின் முகவரி கிடைக்கும். போகாதீர்கள். நாங்களும் போகவில்லை.

8. நடிகரை நேரில் காண ஆசைப்படுவோருக்கு

படப்பிடிப்பு எங்கே நடக்கிறது என்று துப்பறிந்து போய் நிற்பது வீண். தெருவில் தற்செயலாகப் படப்பிடிப்பைக் கண்டாலும் கைப்பேசியைத் தூக்காதீர்கள். குழுவினர் வந்து அழிக்கச் சொல்வார்கள், வெளியிட்டால் கதை கசியும்.

முறையான வழி ரசிகர் சந்திப்பு. இதற்கான சீட்டுகளைக் கொரியத் தளங்களில் வாங்க உள்ளூர்க் கைப்பேசி எண் கேட்கும் என்பதால், அதே நிறுவனங்கள் வெளிநாட்டவருக்கென்று நடத்தும் உலகளாவிய பக்கத்தில் விற்பனைக்குச் சில வாரம் முன்பே கணக்குத் திறந்து வையுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி ஓர் எழுத்துக்கூட மாறாமல் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். நுழைவாயிலில் கடவுச்சீட்டைக் காட்டித்தான் சீட்டு வாங்க முடியும். கொரிய நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 8 மணி விற்பனை என்றால் இங்கே மாலை 4.30. அலுவலகத்தில் இருக்கும் நேரம் என்பதைக் கணக்கில் வையுங்கள். நான் கூட்டம் ஒன்றில் மாட்டிக்கொண்டு இழந்தேன். மறுவிற்பனைக்காரர்களிடம் வாங்கினால் பெயர் பொருந்தாமல் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

சந்திப்புச் சீட்டு கிடைக்காதவர்களுக்குப் பிறந்த நாள் காபிக்கடை இருக்கிறது. நடிகரின் பிறந்த நாளையொட்டிச் சில நாளுக்கு ரசிகர்கள் ஒரு கடையை எடுத்து, சுவர் முழுக்கப் படங்களால் அலங்கரித்து, பானம் வாங்குவோருக்கெல்லாம் அந்த நடிகரின் படம் அச்சிட்ட கோப்பை உறையும் நிழற்பட அட்டையும் தருவார்கள். நடிகர் வரமாட்டார், ஆனால் அவரைப் பற்றி நம்மளவு பேசத் தெரிந்த முப்பது பேர் இருப்பார்கள். பியோன் வூ-சொக் பிறந்த நாள் அக்டோபர் 31, கிம் ஹே-யூன் பிறந்த நாள் நவம்பர் 10. இவற்றில் முதல் தேதிதான் எங்கள் பயணத் தேதியின் ரகசியம். எந்தக் கடை, எத்தனை நாள் என்பதை ரசிகர் குழுக்கள் எக்ஸ் தளத்தில் சில வாரம் முன்பே அறிவிப்பார்கள். பெரும்பாலும் ஹொங்தே, ஹாப்ஜோங் பகுதிகளில் அமையும். ஒவ்வொரு நாளும் முதலில் வரும் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே பரிசுப்பை என்பதால் கடை திறக்கும் முன்பே நில்லுங்கள். ஒரு பானத்துக்கு ஒரு தொகுப்பு என்பது விதி. கூடுதலாகக் கேட்டு வற்புறுத்துவது அநாகரிகம்.

அட்டைகள் எளிதில் மடங்கும், ஓரம் மழுங்கும். பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிடாமல் கையோடு எடுத்து வாருங்கள். விசாவுக்காகத் தாள்களை அடுக்கிக்கொண்டு போனேனே, அந்தக் கெட்டி அட்டைக் கோப்பில்தான் பதினோரு நிழற்பட அட்டைகளும் நான்கு கோப்பை உறைகளும் கசங்காமல் சென்னை வந்து சேர்ந்தன.